தைராய்டு ரிப்போர்ட் நார்மல், அசதி மட்டும் போகவில்லை: அடுத்து என்ன செய்வது?

டி.எஸ்.எச். 2.6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டரும் "எல்லாம் நார்மல், இதே மாத்திரையைத் தொடருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. முடி கொட்டுவது நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால், "அதான் நார்மல்னு வந்துடுச்சே, அப்புறம் இன்னா?" என்கிறார்கள்.

நான் வேலூரில் மருந்துக் கடை வைத்திருப்பவன், டாக்டர் இல்லை. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள், காட்பாடிப் பள்ளிக்கூட டீச்சர்கள் என்று இந்தப் புகாரோடு கடைக்கு வருகிறவர்கள் ஏராளம். பலரும் கேட்பது ஒன்றுதான், மாத்திரையின் மைக்ரோகிராம் அளவைக் கூட்டுவது: "50 போடறேன், 75 ஆக்கிக் குடுத்துடுங்களேன்." கொடுப்பதில்லை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஒரு வரிசையில் இருக்கின்றன. தைராய்டு குறைவுக்கு மாத்திரை ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆனவர்களை மனதில் வைத்து அந்த வரிசையை எழுதுகிறேன்.

அந்த நம்பர் என்ன சொல்கிறது

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அனுப்புகிறது. பிட்யூட்டரியை மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு வேலையில் சுணங்கினால் மேஸ்திரியின் குரல் ஏறும்; டி.எஸ்.எச். ஏறுவது அப்படித்தான். மாத்திரை மூலம் ஹார்மோன் போதிய அளவு வந்துவிட்டால் குரல் இறங்கும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை நார்மல் என்று போடுவார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், வயதானவர்களுக்கு மேல் எல்லை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

ஆக, நார்மல் ரிப்போர்ட் சொல்வது ஒரே ஒரு சேதி: மாத்திரை அளவு மேஸ்திரிக்குத் திருப்தி. உங்கள் ரத்தத்தில் இரும்பு எவ்வளவு, ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள், மனசு எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த நம்பரிடம் யாரும் கேட்கவே இல்லை.

டி.எஸ்.எச். சரியாக இருந்தும் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அசதி, மந்தம், ஞாபகக் குறைவு போன்றவை தொடர்கின்றன என்று ஐரோப்பிய தைராய்டு சங்கத்தின் 2012 வழிகாட்டுதலே சொல்கிறது. எனவே நீங்கள் கற்பனை பண்ணவில்லை. அதே சமயம், அசதி எல்லாவற்றுக்கும் தைராய்டையே பிடித்துக்கொண்டிருந்தால் வேறு காரணம் கண்ணில் படாமலே போய்விடும். நான் பார்த்தவரையில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

தைராய்டு நோய் என்று யாரும் சொல்லாமல், பரிசோதனையிலும் நார்மல் வந்து, "எதுக்கும் 25 போட்டுப் பாக்கலாமா" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நேராக மூன்றாவது படிக்குப் போங்கள்.

முதல் படி: மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள்

பேரணாம்பட்டிலிருந்து வரும் ஓர் அம்மாவிடம் ஒருநாள், "மாத்திரை எப்பம்மா போடறீங்க?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் மாத்திரை நான்கும் ஒன்றாகக் கிடந்தன. "எட்டு மணிக்கு டீ குடிச்சிட்டு எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுடுவேன் அண்ணே, அப்பத்தான் மறக்காது." மறக்காமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் இப்படி ஒரு கூட்டத்தோடு போகும் தைராக்சின் (தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோன்) பாதிகூட ரத்தத்தில் சேருமா என்பது சந்தேகம்.

முறை இது. காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை டீ, காபி, பால், டிபன் எதுவும் கூடாது. காபி மாத்திரை சேர்வதைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நம் ஊரில் ஃபில்டர் காபி இல்லாமல் கண் திறக்காதவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், என்ன செய்ய. கால்சியம், இரும்பு, ஜெலுசில் மாதிரியான அமில மருந்துகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள். சத்து மாத்திரைகளை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமோ இரவிலோ தள்ளிவிட்டால் தீர்ந்தது. பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வயிற்றில் அமிலம் குறைந்து தைராக்சின் சேர்வது குறையலாம். அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கேழ்வரகுக் கூழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட ஆற்காட்டில் அது இல்லாத வீடு குறைவு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் அதிகம். நல்ல சாப்பாடு, விட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்ட கையோடு ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டுக் கழனிக்குக் கிளம்பாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல் போகட்டும்.

விடியற்காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும்? இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது போட்டாலும் வேலை செய்யும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நேரம் என்பதைவிட தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம்.

இனி பாட்டில் விஷயம். தைராக்சின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கேஸ் அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரி, டிவி மேல், ஸ்கூட்டர் டிக்கி இதெல்லாம் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான உள்ரூம் பீரோ போதும். பாட்டிலில் வருவதை வேறு டப்பாவுக்கு மாற்றாமல் மூடியை இறுக்கி மூடி வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பெனியை அடிக்கடி மாற்றாமல் இருப்பதும் நல்லது. விலை குறைந்த மாத்திரை என்பதால் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று போனால் சின்ன வித்தியாசங்கள் வரும். கடையில் "அது ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதேதான்" என்று நாங்கள் கொடுத்தால், தேதியைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

டி.எஸ்.எச். நார்மல் என்று வந்த பிறகு இதையெல்லாம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு ரிப்போர்ட் அந்தச் சில வாரங்களின் நிலவரத்தைத்தான் சொல்லும். மாத்திரை ஒருநாள் முழுதாகவும் ஒருநாள் அரைகுறையாகவும் சேர்கிற உடம்பில் நம்பர் இந்த முறை 2.6, அடுத்த முறை 7 என்று ஆடும். பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அங்கேயே கண்ணில் படும்.

இரண்டாவது படி: ரத்தம் கொடுக்கும் விதம்

ஒரே லேப், காலை நேரம், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன்னால். டி.எஸ்.எச். இரவில் ஏறி மதியத்தில் இறங்கும் இயல்புள்ளது என்பதால் ஒரு தடவை காலையிலும் ஒரு தடவை சாயங்காலமும் கொடுத்தால் ஒப்பிட முடியாது. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் எடுக்கும். பத்து நாளில் ஓடிப்போய் பரிசோதித்தால் காசுதான் வீண்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பயோட்டின் சில லேப் கருவிகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.ஐக் குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனை அதிகமாகவும் காட்டிவிடும். ரிப்போர்ட் பொய்யாக நார்மல் ஆகலாம். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். தலைமுடி சத்து மாத்திரை என்று விற்கும் பலவற்றில் இது இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் படித்தால் தெரியும்.

ஒரு தடவையாவது ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் மேஸ்திரியின் குரலை நம்பிப் பயனில்லை. டி.எஸ்.எச். நார்மலாகத் தெரியும், டி4 குறைந்திருக்கும். பிரசவத்தின்போது மிக அதிகமாக ரத்தம் போய், பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் போன பெண்களுக்கு இது வரக்கூடும். பல வருடம் கழித்து வெறும் அசதியாக மட்டும் வெளியே தெரியும். பத்து வருடம் முன்னால் நடந்த பிரசவத்தை யாரும் தைராய்டு டாக்டரிடம் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது படி: வேறு எது தெம்பை உறிஞ்சுகிறது

மாத்திரையும் சரி, பரிசோதனையும் சரி என்றால் இங்கே நேரம் செலவழிக்க வேண்டும்.

ரத்த சோகைதான் முதல் சந்தேகம். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். அசதி, முடி கொட்டுதல், குளிர் தாங்காமை, மூச்சு வாங்குதல் எல்லாம் தைராய்டு குறைவிலும் வரும், இரும்புக் குறைவிலும் வரும். உடம்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே என்றால் ரத்த சோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புக் கையிருப்பு காலியாகியிருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளலாம். இரும்பு மாத்திரை ஆரம்பித்தால் டீயிலிருந்தும் அதைத் தள்ளியே வையுங்கள், டீ இரும்பைச் சேரவிடாது.

அடுத்தது பி12. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கும் இது குறையும். கை கால் மதமதப்பு, எரிச்சல், நாக்குப் புண் இருந்தால் சந்தேகம் கூடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகை இருப்பவர்களுக்கு, அதே மாதிரி வயிற்றைத் தாக்கி பி12 சேராமல் செய்யும் நோயும் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். விட்டமின் டி, சர்க்கரையின் மூன்று மாத சராசரி, கிட்னி, கல்லீரல் இவற்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

ரத்தத்தில் தெரியாதவையும் உண்டு. ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று எழுகிறீர்களா? இதைப் பக்கத்தில் படுத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும், உங்களுக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை கனக்கிறது என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடை ஏற்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலமும் இதே அறிகுறிகளோடு வரும். போடுகிற மற்ற மாத்திரைகளையும் மறக்காதீர்கள்: பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் அட்டெனலால், புரோப்ரனலால், சளிக்கு மாதக்கணக்கில் போடும் சிட்ரிசின் இவையெல்லாம் ஆளைச் சோர வைக்கும். கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் சிலருக்குச் சதை வலியைத் தரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

மன அழுத்தத்தைப் பற்றி டாக்டர் கேட்டால் கோபப்படாதீர்கள். "எனக்குப் பைத்தியம்னு சொல்றாரா" என்று கடையில் வந்து குமுறியவர்கள் உண்டு. எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை அழுகையாக வந்து, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. வெளியில் சொல்லத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மனஸ் எண் 14416க்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அசதியோடு எடை குறைந்துகொண்டே போய், தோலும் ஈறும் கறுத்து, எழுந்து நின்றால் தலை சுற்றி, உப்பாகத் தின்னத் தோன்றினால் அது அட்ரீனல் சுரப்பிக் குறைவாக இருக்கலாம். அந்த நிலையில் தைராய்டு டோஸை ஏற்றுவது ஆபத்து. கடைக்காரன் கையால் 50ஐ 75 ஆக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நான்காவது படி: டாக்டரிடம் எப்படிச் சொல்வது

"டயர்டா இருக்கு டாக்டர்" என்று சொன்னால் அது காதில் நிற்காது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் அதையே சொல்கிறார்கள். முன்பு முடிந்த எது இப்போது முடியவில்லை என்று சொல்லுங்கள். "போன வருஷம் வள்ளிமலைப் படி ஏறினேன், இப்ப வீட்டு மாடிக்கே ரெண்டு தடவை உட்காரணும்." "நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிட்டு நடந்தே வருவேன், இப்ப ஆட்டோ இல்லாம முடியல." இது டாக்டருக்குப் பயன்படும்.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே நான்கு வாரத்துக்கு, ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மூன்றைக் குறியுங்கள்: மாத்திரை போட்ட நேரம், எத்தனை மணி நேரத் தூக்கம், அன்றைய தெம்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க். மாதவிடாய் நாட்களை வட்டமிடுங்கள். அந்தத் தாளைக் கிழித்து ஃபைலில் வையுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மட்டும் மார்க் விழுகிறது, நைட் ஷிப்ட் வாரம் மட்டும் விழுகிறது என்பதெல்லாம் தாளில் பளிச்சென்று தெரியும்.

ஃபைலில் பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் இருக்கட்டும். எல்லா மாத்திரைகளின் அட்டையும், சித்த மருந்து சாப்பிட்டால் அதன் பெயரும் சேரட்டும். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எங்கே போவது? முதல் சுற்றுக்கு வழக்கமான டாக்டரோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். ரத்த சோகையைப் பார்க்க ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. அடுத்த கட்டத்துக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி.யில் எண்டோகிரைனாலஜி என்று தனித் துறையே உண்டு. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நமக்கு டவுன் பஸ் தூரம். முன்பதிவு செய்துகொண்டு, ஒரு முழு நாளை அதற்கென்று ஒதுக்கிப் போங்கள்.

ஐந்தாவது படி: டோஸும் டி3யும்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் அகப்படவில்லை, அசதி இருக்கிறது. இப்போது டோஸைப் பேசலாம். டி.எஸ்.எச். மேல் எல்லையை ஒட்டி இருந்தால் டாக்டர் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கக்கூடும். ஆனால் நார்மல் அளவுக்குள்ளேயே டோஸைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில், நோயாளிகளின் தெம்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதிகமாகப் போட்டால் தெம்பு வரும் என்பது தப்புக் கணக்கு. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நாள்பட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

டி3 மாத்திரையைச் சேர்த்துப் போடுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாம் போடும் தைராக்சின் டி4. உடம்பு அதை டி3 ஆக மாற்றிப் பயன்படுத்துகிறது. சிலருக்கு இந்த மாற்றம் போதவில்லையோ என்ற யோசனையில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வுகளின் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், மொத்தமாகப் பார்த்தால் டி4 மட்டும் போடுவதைவிடச் சிறந்தது என்று நிரூபணமாகவில்லை. மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதல், எல்லாக் காரணங்களையும் விலக்கிய பிறகு, ஸ்பெஷலிஸ்ட் கண்காணிப்பில் பரீட்சார்த்தமாகப் பார்க்கலாம், 3 மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் இது சரிப்படாது. கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் டி4 டோஸையே கூட்ட வேண்டியிருக்கும்.

நடுவில் சாப்பாடும் நடையும்

முட்டைக்கோசு, காலிஃபிளவர் தொடக்கூடாது என்ற பயத்தை விடுங்கள். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் பாதகமில்லை, அதுவும் மாத்திரை போடுகிறவர்களுக்கு. அயோடின் உப்பு போதும். அதற்கு மேல் கடல்பாசிப் பொடி, தைராய்டு பவுடர் என்று வாங்கினால் அயோடின் மிஞ்சிப் போய்த் தைராய்டை மேலும் கெடுக்கும். காசும் போகும்.

நடை உதவும், ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடந்து மறுநாள் முழுக்கப் படுத்துவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். கோட்டைக்குள் விடியற்காலையில் நடக்க நல்ல நிழல் இருக்கிறது. மே மாதத்தில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அந்த வெயிலில் தைராய்டு இல்லாதவனுக்கே அசதி வரும்.

காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நிற்காத படபடப்பு, மயக்கம், கறுப்பாக மலம் போவது, காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே போவது, மாலைக் காய்ச்சல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன வரிசை பொருந்தாது, உடனே போக வேண்டும். மாத்திரையை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டவர் உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் 108க்கு அழையுங்கள். மாத்திரை பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மைக்ரோகிராம், எப்போதிலிருந்து நிறுத்தினார் என்று அங்கே முதலில் கேட்பார்கள்.